பதினாறாவது வளைவு

கோரிமேடு தாண்டும்வரை நான் கண்டக்டர்.
சில்லறை இல்லாதவர்களிடம் கடுகடுப்பவன்.
மிளகு மூட்டைக்கு லக்கேஜ் போடுபவன்.
அடிவாரத்தில் டிக்கெட் எல்லாம் கொடுத்து முடிந்திருக்கும்.
அப்புறம் இருபது கொண்டை ஊசி.
என் வகுப்பு அங்கேதான்.

முதல் பலகையில்
இந்தியா, மாநிலங்களின் ஒன்றியம்.
ஐந்தில் குடியுரிமை தொடங்கும்.
ஒன்பதில் யாராவது ஒருவர் நிச்சயம் வாந்தி எடுப்பார்.
அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கினால்
இங்குள்ளது போய்விடும்,
இந்தாம்மா கவர்,
எலுமிச்சம்பழத்தை மோந்துகிட்டே வாங்க,
பத்து...
பத்து எங்கே போனது?
இறங்கும்போது பிடித்துக்கொள்ளலாம்.

என் உதடு அசைவதைக் கண்ணாடியில் பார்ப்பார்
டிரைவர் பொன்னுரங்கம்.
"சாமி கும்புடறியா, பாடம் படிக்கிறியா?
இந்த ரோட்டுல ரெண்டும் வேணும்டா."

பதினான்கு: சட்டத்தின் முன் எல்லோரும் சமம்.
ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி
என்பது மலையின் சட்டம்.
எதிரே இறங்குகிற வெள்ளைக் கார்
அதைப் படித்ததில்லை.

பதினாறு: அரசு வேலையில் சம வாய்ப்பு.
கியர் மாற்றும் இடம்.
எஞ்சின் முனகும். வண்டி
ஒரு நொடி பின்னால் போகிற மாதிரி இருக்கும்,
போகாது.

பதினேழைச் சொல்ல வாயெடுக்கிறேன்.
மூன்றாவது வரிசையில் ஒரு சீட் காலி,
அதில் ஒரு பை உட்கார்ந்திருக்கிறது.
பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி
காபித் தோட்டத்துக்குப் போகிற பெண்
நாகலூர்வரை நிற்கத் தயாராக நிற்கிறாள்.
"பையை மடியில வைங்க சார்."
அவர் என்னைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார்.
"வைங்க சார்."
புத்தகத்தில் இது ஒரு வரி.

இருபதோடு வளைவு தீர்ந்துவிடும்.
இருபத்தொன்று உயிர்வாழும் உரிமை;
அதற்குப் பலகை வைக்கவில்லை.
ஏரி தெரியும், குளிரும்,
எல்லோரும் இறங்கிப் போவார்கள்.

வாரத்தில் மூன்று ராத்திரி மேலே தங்கல்.
வசூலை எண்ணிக் கட்டி,
வண்டிக்குள் ஒற்றை விளக்கில்
பொருளாதாரம் படிப்பேன்.
பணவீக்கத்தின் வகைகள் வரும் முன்
போர்வைக்குள்ளிருந்து பொன்னுரங்கம் கத்துவார்:
"பேட்டரி எறங்கிடும், அணைடா."
செல்போன் வெளிச்சத்தில் மீதி.
அதிலும் பேட்டரி இறங்கும்.

போன தடவை தேர்வு ஞாயிற்றுக்கிழமை.
சீசன் கூட்டம், லீவு கிடையாது என்றார்கள்.
என் டூட்டியை ஆரோக்கியதாஸ் பார்த்தான்;
பதிலுக்குக் கிறிஸ்துமஸும் புத்தாண்டும்
அவன் வண்டி என் தலையில்.
அம்மாப்பேட்டைப் பள்ளி ஒன்றில்
முழங்கால் இடிக்கிற பெஞ்சு.
நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி:
சேர்வராயன் மலையின் உயரம் என்ன?
சிரிப்பு வந்தது. தினமும் இரண்டு முறை ஏறுகிறேன்,
டிக்கெட் விலை கேட்டிருக்கலாம்.
பி என்று நிரப்பினேன். டி.

கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை என்று
எண்ணி எழுதச் சொன்னார்கள்.
முன் பெஞ்சுப் பெண்ணுக்கு விரல் நடுங்கியது.
எனக்கு அது வே பில்.
இரண்டு நிமிடத்தில் கணக்கு ஒட்டியது.

கட்-ஆஃபுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு.
ஒரு கேள்வி.
எந்தக் கேள்வி என்று
மலையிடம் நான் சொல்லவில்லை.

கவுசல்யா கேட்டாள், சண்டையாக இல்லை,
குழந்தையின் நகத்தை வெட்டிக்கொண்டே கேட்டாள்:
"இன்னும் எத்தனை தடவை?"
ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு,
விடை தெரியவில்லை என்பதற்கு.
அதையும் கறுப்பாக்கினால்தான்
தாள் செல்லும்.
கறுப்பாக்கினேன்.
அவள் அடுத்த விரலை எடுத்தாள்.

விடியற்காலை முதல் வண்டி.
பனியில் பலகைகள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகின்றன.
இருபது, பத்தொன்பது,
பதினாறில் பிரேக் வாசனை,
பதினொன்று,
பத்து. கிடைத்துவிட்டது:
குடிமகனாக இருப்பவன்
தொடர்ந்து குடிமகனாக இருப்பான்.
எழுதிக்கொள்ளப் பேனாவை எடுக்கிறேன்.

பின் சீட்டிலிருந்து யாரோ
கவர் கேட்கிறார்கள்.